சிவப்பு, ஐந்தாம் பூச்சு

ஸ்வீட்டி ரயிலிலிருந்து குதித்தாள்.

ஸ்டேஷனில் இல்லை. சுனாபட்டியைத் தாண்டி, குர்லாவுக்கு முன்னால், தண்டவாளம் எது சாக்கடை எது என்று தெரியாத பழுப்புத் தண்ணீரில். முழங்கால் வரை இறங்கி, ஒரு கருங்கல்லில் கால் மடங்கி, கையூன்றி எழுந்தாள். இருபத்தைந்து நிமிஷமாக அசையாமல் நின்ற லேடீஸ் கம்பார்ட்மெண்டிலிருந்து ஒரு குரல், "பைத்தியமா உனக்கு?" என்று இந்தியில் கத்தியது. அவள் திரும்பவில்லை. மழை முகத்தில் அறைந்தது. துப்பட்டாவைத் தலையில் சுற்றி முடிந்துகொண்டு சுவரோரமாக ஓட ஆரம்பித்தாள்.

பிளாஸ்டிக் உறைக்குள் போன் அதிர்ந்தது. அம்மா.

"ஏட்டி, எங்க இருக்கே?"

"ரயில் நின்னுட்டும்மா. இறங்கி நடக்கேன்."

"இங்க கையில ஊசி குத்தி வச்சாச்சு. நாலு மணிக்கு டிரிப் ஏத்திருவோம்னு நர்ஸு சொல்லுதா."

"நான் போன் பண்ணாம ஏத்தக்கூடாதுன்னு டாக்டரம்மாட்ட சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல? இவன் ஏத்துங்கங்கான். உன்னத் திரும்பி வரச் சொல்லுதான். மாதாவே, கண்ணு தெரியாதவனுக்கு வாய் மட்டும் கொறையல."

மணி இரண்டு இருபது. சேம்பூரில் ஒரு வீட்டின் ஹாலில், ஐந்தடிக்கு நாலடி கான்வாஸ் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தை நாலு மணிக்குள் அவள் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால், அவள் அண்ணன் பிரைட்டனின் கண்ணில் மிச்சமிருப்பதும் போகலாம். அவன் நுரையீரலில் ஏறக்குறைய ஆறு மாத மாத்திரையில் அடங்கிக் கிடக்கும் டிபி மறுபடி தலை தூக்கலாம்.

காலையில் நடந்தது இதுதான்.

கண் வார்டில் டாக்டர் வந்தனா சொட்டு மருந்து பாட்டில் ஒன்றின் மூடியைக் கழற்றி பிரைட்டனின் முகத்துக்கு நேரே பிடித்தார். ஸ்வீட்டியைவிட நாலைந்து வயது கூட இருக்கும் அவருக்கு. தூக்கமில்லாத கண்கள்.

"இது என்ன நிறம்?" இந்தியில் கேட்டார்.

பிரைட்டன் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் தேடினான். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு புகை மூட்டம் நிற்கிறது அவனுக்கு. ஓரத்தில்தான் கொஞ்சம் தெரியும்.

"மண்ணு நிறம்."

மூடி சிவப்பு. அம்மனுக்குக் கட்டுகிற பட்டின் சிவப்பு.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வாரமா, டாக்டர்."

"திடீர்னா?"

"திடீர்னுதான்."

டாக்டர் அவனுடைய டிபி கார்டைப் புரட்டினார். ஜனவரி கடைசியில் ஆரம்பித்த மாத்திரை. மாதாமாதம் எடை, சளி, கண். ஜூன் பதினொன்று என்ற வரிசையில் 'நிறம் சரியாகத் தெரிகிறது' என்று எழுதி டிக் போட்டிருந்தது. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார்.

பிறகு அம்மாவுக்கும் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கண் நரம்பு இப்படிப் போவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, திடீரென்று நரம்பு வீங்குவது. அதற்கு ஸ்டீராய்டு டிரிப், அதுவும் உடனே. இன்னொன்று, டிபிக்குக் கொடுக்கும் நாலு மருந்தில் ஒன்று சிலருக்கு மெள்ள மெள்ள கண் நரம்பைத் தின்பது. முதலில் சிவப்பு மங்கும். அப்புறம் எல்லாம். இரண்டாவதாக இருந்தால் டிரிப் உதவாது. டிபி உள்ளவனுக்கு அதை ஏற்றினால் நோய் கிளம்பிக்கொள்ளும்.

"ஸ்கேனுக்கு மூணு நாள் வரிசை. வீக்கமா இருந்தா மூணு நாள் காத்திருக்க முடியாது. அந்த மாத்திரையை இன்னிக்கே நிறுத்திட்டேன். கார்டும் இவர் சொல்றதும் ஒத்துப் போகுது, திடீர்னு வந்ததுதான். நாலு மணிக்கு டிரிப் ஆரம்பிக்கறேன்."

"மாத்திரைய நிறுத்திட்டியளா?" அம்மா இடையில் புகுந்தாள். "ஐயோ, இன்னும் பன்னெண்டு நாள்தான பாக்கி!"

"எல்லாத்தையும் இல்லம்மா. நாலுல ஒண்ணு மட்டும். மத்தது ஓடும். இது எப்பவும் செய்யறதுதான். நிறம் மாறுதுன்னு யாராவது சொன்னா அந்த ஒண்ணை மட்டும் எடுத்துருவோம். சீக்கிரம் எடுத்தா பெரும்பாலும் கண்ணு திரும்பிடும்."

ஸ்வீட்டி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். நாலில் ஒன்று மட்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை.

"டாக்டர், எழுத்துல இருக்கற சாட்சி ஒண்ணு இருக்கு" என்றாள்.

பிரைட்டன் சட்டென்று தலையைத் திருப்பினான். அவள் முகத்துக்கு அல்ல, காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தான்.

"ஏட்டி. வேண்டாம்."

குர்லாவில் சாயிரா ஆபாவின் கார்கானாவில்தான் பிரைட்டனுக்கு எட்டு வருஷமாக வேலை. ஹோட்டல் அறைகளுக்கும் புது ஃபிளாட்டுகளுக்கும் ஆயில் பெயிண்டிங் செய்து கொடுக்கிற இடம். வாடிக்கையாளர் சோபாத் துணியில் ஒரு துண்டு கொண்டுவருவார். அதற்குப் பொருத்தமாகப் படம் வேண்டும். அதே படத்தை இன்னொரு ஹோட்டல் நாற்பது கேட்கும். அதனால் கார்கானாவில் ஒரு சட்டம்: ஒவ்வொரு பூச்சுக்கும் தேதி, எந்த ட்யூப், எவ்வளவு, பிரஷ்ஷா கத்தியா, எல்லாவற்றையும் கான்வாஸின் பின்னால் பென்சிலில் எழுத வேண்டும். ரெசிப்பி என்பார்கள். மற்றவர்கள் இந்தியில் எழுதினார்கள். பிரைட்டன் மட்டும் தமிழில். "என் ரெசிப்பிய எவனும் சுடக்கூடாதுல்லா" என்பான்.

"மே மாசம் ஒரு படம் போட்டான். பின்னால தேதி போட்டு எழுதியிருப்பான். சிவப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்த்தா உங்களுக்கே தெரியும். மெள்ள வந்ததா, திடீர்னு வந்ததான்னு."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த வீட்டுக்குப் போன் பண்ணுங்க."

நம்பர் இருந்தது. படத்தை வாங்கிய ஸ்மிதாவின் போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. அவள் கணவன் மாதவின் போன் அணைந்திருந்தது.

"நான் போயிட்டு வந்துடறேன்."

"போகாதட்டி ஸ்வீட்டி" என்றான் பிரைட்டன். "அதுல ஒண்ணும் இல்ல. சொன்னாக் கேளு."

அவன் அவ்வளவு கெஞ்சி அவள் கேட்டதில்லை. இருந்தும் கிளம்பிவிட்டாள். ஒரு விஷயத்தை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. கான்வாஸின் பின்னால் எழுதியிருக்கும் தேதிகளே பேசிவிட்டால் அவள் வாய் திறக்க வேண்டியிராது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் தண்ணீருக்குள் குதித்தாள்.

ரோட்டுக்கு ஏறியபோது மணி இரண்டு ஐம்பது. மூன்று ஆட்டோக்காரர்கள் சேம்பூர் என்றதும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நாலாவது ஆள் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"சீட் நனையுமே, மேடம்."

"உட்கார மாட்டேன். நின்னுகிட்டே வரேன். போ, அண்ணா."

சிரித்துவிட்டான். "உட்காருங்க, உட்காருங்க. ஏற்கெனவே கூரை ஒழுகுது."

ஒழுகத்தான் செய்தது. ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிழக்கே போனது.

அவர்கள் வீட்டில் மாத்திரை என்பது மாதா படத்துக்குக் கீழே இருக்கும் பொருள். அப்பா சிங்கராயருக்கும் இதே நோய். நாலாவது மாதம் இருமல் நின்றது, எடை ஏறியது, "நமக்குச் சொகமாயிட்டுட்டி" என்று மாத்திரையை நிறுத்தினார். ஒன்றரை வருஷம் கழித்து அது திரும்பி வந்தபோது எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. ஸ்வீட்டிக்கு அப்போது பதினாலு வயது. கடைசி வாரம் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் தாராவியின் அந்தச் சந்தில் எட்டு வீடு தாண்டிக் கேட்டது. அடக்கம் முடிந்து வந்ததும் அம்மா ஏஞ்சலம்மாள் இரண்டு பிள்ளைகளையும் மாதா படத்துக்கு முன் நிறுத்தி, "இந்த வீட்டுல இனி எவனும் மாத்திரைய நிறுத்தக்கூடாது" என்று சத்தியம் வாங்கினாள். இந்த ஜனவரியில் பிரைட்டன் கர்ச்சீப்பில் ரத்தம் துப்பியபோது, அந்தச் சத்தியத்தைக் காக்கிற பொறுப்பை ஸ்வீட்டி எடுத்துக்கொண்டாள். கிளினிக்குக்கு அவன் பக்கத்தில் போனது அவள். மாத்திரையை எண்ணிக் கையில் வைத்தது அவள். விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது அவள்.

"போலீஸ்காரி" என்பான் அவன்.

நாலாம் மாதம் அவன் முகம் தெளிந்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கான்வாஸைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். சோபாத் துணி இல்லை, மாதிரிப் படம் இல்லை. எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவனுக்கென்று ஒரு படம்.

"என்ன படம்ணே?"

"ஒண்ணும் இல்லட்டி. நெறந்தான்."

பத்துக்குப் பன்னிரண்டு வீடு. மேலே பரண் மாதிரி ஒரு தளம். அங்கே சுவரில் சாய்த்து வைத்துக் கத்தியால் அப்பினான். மஞ்சள், ஆரஞ்சு, அதன் மேல் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நடுவில் ஒரு இடம் பிளந்துகொண்டு உள்ளேயிருந்து வெளிச்சம் பீறிட்டது. கீழே கருஞ்சிவப்பாய் வழிந்து, ஓரங்களில் தீய்ந்தது. எதிர் வீட்டு இசக்கிசெல்வி ஏணியில் நாலு படி ஏறிப் பார்த்துவிட்டு, "ஏம்லே, வீட்டுக்குத் தீ வச்சுட்டியா? தண்ணி கொண்டாரட்டா?" என்றாள். சந்தே சிரித்தது. பிரைட்டனும் சிரித்தான்.

ஸ்வீட்டிக்கு மாட்டுங்காவில் மாட்சிங் சென்டரில் வேலை. புடவையைக் காட்டினால் அதற்கு அச்சாகப் பொருந்துகிற பிளவுஸ் துணியை எடுத்துக் கொடுக்க வேண்டும். சிவப்பு மட்டும் அலமாரியில் முப்பத்திரண்டு உண்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் பிரித்துவிடுவாள். மானசா என்று ஒரு வாடிக்கைக்காரி, "உன் கண்ணை இன்ஷ்யூர் பண்ணும்மா" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் பிரைட்டன் அவளிடம் நிறம் கேட்பது புதிதல்ல.

"இந்தச் செவப்பு போதுமாட்டி?"

மே மாதம் அவன் அதைக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டான்.

சோபாவுக்குப் படம் தேடிக் கார்கானாவுக்கு வந்த ஸ்மிதா அவன் போனில் அந்தப் பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "எவ்வளவு ஆவேசம்! எவ்வளவு கோபம்! இந்த மனுஷன் உள்ளே எரிஞ்சுண்டிருக்கார், மாதவ்" என்று கணவனிடம் சொன்னாளாம். வீட்டுக்கு வந்து பிரைட்டன் அதை நடித்துக் காட்டினான். "நான் எரியுதேனாம்லா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றைக்கு அவனைப் பார்த்து அம்மா அழுதாள். இந்தப் பிள்ளை கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது என்று.

ஆட்டோ நின்றது. மூன்று பத்து.

வாட்ச்மேன் நோட்டை நீட்டி, பேர், ஊர், நம்பர் எல்லாம் எழுதச் சொன்னான். அவள் கையிலிருந்து சொட்டிய தண்ணீரில் முந்தைய நாலு பேரின் விவரமும் கரைந்தது. "விடு விடு, போ" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

மூன்றாம் மாடி. கம்பிக் கதவுக்கு உள்ளே மரக்கதவு நாலு விரல் அகலம் திறந்தது. மூக்குக் கண்ணாடி, வைரத்தோடு, ஒரு கண்.

"யாரு?"

"மாமி, நான் ஸ்வீட்டி. மே மாசம் பெயிண்டிங் கொண்டு வந்து மாட்டினோமே."

"மாதவ் ஆத்துல இல்லை. ஸ்மிதாவும் ஆபீஸ் மீட்டிங். அவா வராம யாருக்கும் கதவைத் திறக்கப்படாதுன்னு உத்தரவு. போன வாரம் ஏழாம் நம்பர்ல கேஸ் பாக்கறேன்னு ஒருத்தன் வந்து சங்கிலியோட போயிட்டான்."

"எனக்குப் படம் வேண்டாம், மாமி. பின்பக்கம் பாத்தாப் போதும். ஒரே நிமிஷம்."

"பின்பக்கமா? முன்பக்கமே எனக்கு விளங்கலை."

"மாமி, அதை வரைஞ்ச எங்கண்ணனுக்குக் கண்ணு போயிட்டிருக்கு." கம்பிக் கதவோடு ஒட்டி நின்றாள். "எப்போலேர்ந்துன்னு அதுக்குப் பின்னாலதான் எழுதியிருக்கு. நாலு மணிக்குள்ள டாக்டர்ட்ட சொல்லணும்."

கண் அவளை ஒரு தரம் தலையிலிருந்து கால் வரை அளந்தது. காலில் செருப்பு ஒன்றுதான் இருந்தது. தண்டவாளத்தில் மற்றது போனதை ஸ்வீட்டி அப்போதுதான் பார்த்தாள்.

தாழ்ப்பாள் விலகியது.

"உள்ள வா. அந்த டவலை எடுத்துத் தலையைத் துடைச்சுக்கோ முதல்ல."

மாதவின் அம்மா ஷ்யாமளாவுக்கு அறுபத்தைந்து இருக்கும். தடித்த, மெதுவான உடம்பு. முட்டிக்கு உறை போட்டிருந்தாள். ஹாலுக்குள் நுழைந்ததும் ஸ்வீட்டி நின்றுவிட்டாள். வெள்ளைச் சுவர், வெள்ளை சோபா, நடுவே அது. மழை நாளின் சாம்பல் வெளிச்சத்திலும் கனன்றது. ஒரு நிமிஷம் பார்த்தால் அறையே சூடாகிற மாதிரி.

"அங்க எங்காத்துக்காரர் படம் இருந்தது" என்றாள் ஷ்யாமளா. "சந்திரமௌலி. முப்பது வருஷம் டிராம்பேயில கணக்கு எழுதினவர். அவரைக் கழட்டி பெட்ரூமுக்கு அனுப்பிச்சுட்டு இந்த ஹோம குண்டத்தை மாட்டினான் என் பிள்ளை. ஒரு வாரம் அவனோட பேசலை. அப்புறம் மத்தியானம் மத்தியானம் தனியா உக்காந்து பாத்துப் பாத்து... என்னமோ, பழகிடுத்து. உங்கண்ணாவுக்குக் கோவம் ஜாஸ்தியோ?"

"கோவமே வராது, மாமி."

"அப்படியா? ஸ்மிதா என்னமோ சொன்னாளே."

இரண்டு கொக்கியில் தொங்கியது. ஸ்வீட்டி சோபாவின் மேல் ஏறி ஒரு பக்கத்தைத் தூக்கினாள். பட்டறையில் அடித்த மரச்சட்டம், கனத்த பெயிண்ட். தனியாள் வேலையில்லை.

"இரு, நானும் பிடிக்கறேன். என் முட்டி போச்சுன்னா மாதவ்கிட்ட நீதான் பதில் சொல்லணும்."

இரண்டு பெண்களும் மூச்சு வாங்கி அதைக் கழற்றினார்கள். இறக்கும்போது ஸ்வீட்டியின் கட்டை விரல் கீழ் மூலையில் அழுந்தியது. அங்கே பெயிண்ட் மேலே தோல் கட்டி இறுகியிருந்தது; அது உடைந்து, விரல் உள்ளே போனது. இரண்டு மாதத்துக்குப் பிறகும் உள்ளே ஈரம். விரலை இழுத்தாள். நகத்தைச் சுற்றிச் சிவப்பு.

திருப்பி சோபாவில் சாய்த்தார்கள். பழுப்புத் துணியில், மேல் சட்டத்துக்குக் கீழே பென்சில் வரிகள். நெருக்கமாக, நேராக. கடைசி வரிகள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கோணிப் போயிருந்தன. ஸ்வீட்டி போனில் நாலு படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். பிறகு அந்த வரிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் ஷ்யாமளா.

"எனக்குத் தமிழ் படிக்க வராது, மாமி. நான் இந்தி மீடியம். நம்பர் மட்டும்தான் தெரியும்."

"சரியாப் போச்சு. எங்காத்துலயும் அதே கதைதான். நகரு." ஷ்யாமளா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, வாரப்பத்திரிகை படிக்கிற தோரணையில் உரக்கப் படித்தாள்.

"மே 2. முதல் பூச்சு. மஞ்சள், கொஞ்சம் ஆரஞ்சு. கத்தி.

"மே 5. ரெண்டாம் பூச்சு. காட்மியம் ரெட் கால் ட்யூப். மங்கலா இருக்கு. ட்யூப் பழசு போல.

"மே 9. மூணாம் பூச்சு. புது ட்யூப், அரை. இதுவும் மங்கல். ட்யூப் மேல தப்பு இல்ல. கண்ணுதான்."

ஸ்வீட்டி சட்டென்று கையை நீட்டினாள். "போதும், மாமி. இது போதும். இதைச் சொன்னாலே டாக்டருக்குப் புரிஞ்சுடும்."

"இரு, இன்னும் ரெண்டு இருக்கே. அரைகுறையா சொல்லப்படாது." ஷ்யாமளா விரலை வரியில் நகர்த்தினாள். "மே 12. நாலாம் பூச்சு. முழு ட்யூப். எனக்கு எல்லாம் மண்ணாத் தெரியுது. இது ஸ்வீட்டி கண்ணால போட்டது."

நிறுத்தினாள். கண்ணாடிக்கு மேலாக ஸ்வீட்டியைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். இப்போது அந்தக் குரலில் பத்திரிகை படிக்கிற தோரணை இல்லை.

"மே 16. அஞ்சாம் பூச்சு. சிவப்பு ரெண்டு ட்யூப். ஸ்வீட்டி போதும்னு சொன்ன இடத்துல நிறுத்தியாச்சு. இதே மாதிரி இன்னொண்ணு கேட்டா எனக்குத் தெரியாது. ஸ்வீட்டியைக் கேக்கவும்."

வெளியே மழை ஜன்னல் கம்பியில் தெறித்தது. மாடியில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். மூன்றாவது விசில்.

போன் அடித்தது. மூன்று நாற்பத்தொன்று. டாக்டர் வந்தனா.

"படம் வந்தது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

ஸ்வீட்டி சொன்னாள். தேதி, ட்யூப், கால், அரை, முழுசு, இரண்டு. மங்கல். மண். இந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். 'ஸ்வீட்டி கண்ணால' என்ற இடத்தைத் தாண்டிப் போனாள். அந்தப் பக்கம் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப மே மாசமே ஆரம்பிச்சாச்சு. மெள்ள வந்திருக்கு." டாக்டர் திரும்பி யாரிடமோ டிரிப்பை நிறுத்தி வைக்கச் சொன்னார். ஸ்வீட்டி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஆனால் டாக்டர் முடிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் இடிக்குது. ஜூன் பதினொண்ணுல நிறம் சரியாத் தெரியுதுன்னு கார்டுல இருக்கு. மே மாசம் மங்கல், ஜூன்ல சரி, ஜூலைல போச்சுன்னா அது வந்து வந்து போற வேற வியாதி. அதுக்கு டிரிப் வேணும். என் சீனியர் முதல்ல அதைத்தான் கேட்பார். மே மாசத்துக்கு அப்புறம் அவருக்கு நிறம் திரும்பித் தெரிஞ்சுதா, இல்லையா?"

அந்த முனையில் கட்டில் கிறீச்சிட்டது. பிரைட்டனின் குரல், எட்டத்திலிருந்து, அவசரமாக. "தெரிஞ்சுது, டாக்டர். ஜூன்ல நல்லாத் தெரிஞ்சுது. நான்தான் சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ சின்னப் பிள்ள. நீங்க டிரிப்ப ஏத்துங்க."

ஏன் போகாதே என்றான் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. ரெண்டு வாரம் என்று ஏன் சொன்னான் என்றும்.

"ஸ்வீட்டி?" என்றார் டாக்டர்.

கட்டை விரலில் சிவப்பு காயாமல் இருந்தது. முப்பத்திரண்டில் எது என்று அவளால் சொல்ல முடியும். ஷ்யாமளா எழுந்து வந்து அவள் ஈரத் தோளில் கையை வைத்தாள்.

"ஜூன்ல அவனுக்கு நிறம் தெரியல, டாக்டர். மே மாசத்துக்கு அப்புறம் ஒரு நாளும் தெரியல. மண்ணாத் தெரியுதுட்டின்னு என்கிட்ட சொன்னான். சொன்னா மாத்திரைய நிறுத்திருவாங்க, அப்பா மாதிரி ஆயிருவே, முடியறவரைக்கும் வாயத் திறக்காதன்னேன். கிளினிக்குல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்திருந்தோம். நிறமெல்லாம் சரியாத் தெரியுதான்னு கேட்டாங்க. அவன் வாயத் திறந்தான். நான் அவன் கையக் கிள்ளினேன்." மூச்சு எடுத்துக்கொண்டாள். "தெரியுதுன்னு அன்னிக்குப் பதில் சொன்னது அவன் இல்ல, டாக்டர். நான்."